நான் எழுதி மாட்டிய இரண்டு அட்டைகள்

சாக்கு மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் சணலை மாமா கத்தரியால் வெட்டியதும் உள்ளேயிருந்து ஒரு சூடு முகத்தில் அடிக்கும். புது பிளாஸ்டிக்கும் சணலும் சென்னையிலிருந்து லாரி வழியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்த வெயிலும் ஒன்றாக வெந்த வாசனை அது. நான் மூட்டைக்குள் தலையை விட்டு மூச்சை இழுப்பேன். "மூக்குல பொம்மை ஏறிக்கப் போவுது, வெளிய வா" என்று மாமா சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பார். இப்போதும் புதுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தால் அந்த வாசனையில் ஒரு துளி வருகிறது. வந்த மறு நொடி எனக்குக் காது மடல் சுடுகிறது.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல், ரிப்பன், சீப்பு, சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ், அதோடு பொம்மைகள். நாங்கள் இருந்தது கடலூர் முதுநகரில். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னை பஸ் ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. முதுநகர் தெருவில் பையன்களோடு கிரிக்கெட் ஆடி, யாராவது வீட்டு ஓட்டை உடைத்து, சாயங்காலம் பஞ்சாயத்து வந்து நிற்கும். "இவள ஒரு எடத்துல குந்த வைக்க முடியாது. கடையில போட்டா அங்கயாச்சும் ஓடட்டும்" என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் சொல்லப்போவது 2007 கோடை. ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாம் அந்தக் கையெழுத்தால் வந்தது.

பொம்மைகளுக்கென்று அந்தக் கடையில் அலமாரி கிடையாது. பாரிமுனையிலிருந்து வரும் மூட்டை கலவையாகத்தான் வரும். மாமா அதை அப்படியே ஒரு பெரிய மூங்கில் கூடையில் கொட்டி வாசலில் வைத்துவிடுவார். அதற்குப் பெயர் "குடையுற கூடை". காரும் பொம்மையும் சொப்பும் விசிலும் பம்பரமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளைகள் தோள் வரைக்கும் கையை விட்டுக் குடைவார்கள். ஒரு பெண் கூடையின் அடியிலிருந்து லாரியை உருவுவாள், ஒரு பையன் கைக்கு அகப்பட்ட கண்ணாடி வளையலை மாட்டிப்பார்த்துச் சிரிப்பான். யாருக்கு எது என்று கூடைக்குத் தெரியாது. "கெடைச்சது ஒன்னோடது, குடைஞ்சு எடு" என்பதுதான் மாமாவின் ஒரே விளம்பரம்.

ரியாஸை முதலில் பார்த்தது அந்தக் கூடைக்குள் பாதி உடம்போடுதான். பரங்கிப்பேட்டையிலிருந்து அவன் உம்மாவோடு வந்திருந்தான். ஏழு வயது இருக்கும், முன்பல் இரண்டு இல்லை. அவன் உம்மா வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவன் வலைப்பையில் போட்ட ஒரு கிச்சன் செட்டைக் கண்டுபிடித்து, அங்கேயே தரையில் பரப்பிவிட்டான். ரெண்டு அடுப்பு, தோசைக்கல், கரண்டி, ஒரு பெரிய சட்டி, ஒரு அகலத் தட்டு. சட்டிக்கு மூடியைப் போட்டு, மூடியின் மேல் கூடையிலிருந்த கோலிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். கோலி உருண்டோடும். பிடித்து வந்து திரும்பவும் அடுக்குவான்.

"கோலிய மூடி மேல எதுக்குடா வைக்கிற? சட்டிக்குள்ள போடு" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதுக்கா" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்த வயதில் எனக்கு ஆகாது. பின்னால் நடந்ததில் அந்தச் சின்னக் கோபமும் கலந்திருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவன் உம்மா அதை அன்றைக்கு வாங்கவில்லை. "வாப்பா அடுத்த மாசம் லீவுல வர்றாங்கல்ல, அவுங்களோட வந்து வாங்கிக்க. ரெண்டு பேருமா சேந்து ஆக்குங்க, நான் குந்தித் திங்கிறேன்" என்றார்கள். ரியாஸின் வாப்பா வளைகுடா நாட்டில் ஏதோ கம்பெனியில் வேலை என்றும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு மாசம்தான் வருவார் என்றும் மாமா சொன்னார். செட்டை எடுத்துத் தனியாக வைத்தார். ரியாஸ் போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்து, "வித்துறாதீங்க மாமா" என்றான்.

அதற்கு அடுத்த வாரம் அத்தை என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஏசி போட்ட பெரிய கடை ஒன்றில் முதன்முதலாக அதைப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் முழுக்க ரோஸ், எதிர்ச்சுவர் முழுக்க நீலம். ரோஸ் பக்கம் பொம்மை, அடுப்பு, கிரீடம். நீலப் பக்கம் கார், துப்பாக்கி, விமானம். நடுவில் பளபளவென்று தரை. எனக்கு வாய் பிளந்துவிட்டது. இப்படி இருந்தால்தான் கடை, நம்முடையது குப்பைக் கூடை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

திரும்பி வந்து மாமாவைத் தூங்கவிடவில்லை. கூடையைக் கவிழ்த்தேன். பழைய மர ரேக்குகள் இரண்டைத் துடைத்தேன். சார்ட் அட்டை வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால், போட்டிக்கு எழுதியதைவிட அழகாக, ஒன்றில் "பெண் குழந்தைகளுக்கு மட்டும்", இன்னொன்றில் "ஆண் குழந்தைகளுக்கு மட்டும்" என்று எழுதி, ஓரத்தில் பூவும் நட்சத்திரமும் வரைந்து மாட்டினேன். அந்த "மட்டும்" நானாகச் சேர்த்தது. புதுச்சேரிக் கடையில்கூட அது இல்லை. பிறகு வட்ட ஸ்டிக்கர்கள் வாங்கி ஒவ்வொரு சாமானிலும் ஒட்ட ஆரம்பித்தேன். கார் வந்தால் நீலம், சொப்பு வந்தால் ரோஸ், அதெல்லாம் வேகமாகப் போனது. பம்பரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இருபத்துநான்கு பம்பரம், எல்லாமே ஒரே மஞ்சள். ரெண்டு நிமிஷம் யோசித்தேன். பாதிக்கு ரோஸ் ஒட்டினேன், பாதிக்கு நீலம் ஒட்டினேன். சீப்புக்கும் அப்படியே, சோப்பு டப்பாவுக்கும், டிபன் பாக்ஸுக்கும் அப்படியே.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது: அந்தப் பம்பரங்களை ஜனங்கள் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். ஒரு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வெயிலில் திரும்பி வந்தார்கள். "பாப்பா, மாத்திக் குடுத்துட்ட. என் புள்ளைக்கு ரோஸ் ஒட்டுனது வந்துடுச்சி." நான் முகத்தில் சிரிப்பே இல்லாமல் மன்னிப்புக் கேட்டு, அதே மஞ்சள் பம்பரத்தில் நீலம் ஒட்டியதை எடுத்துக் கொடுத்தேன். முன்பு அண்ணனும் தங்கையும் வந்தால் ஒரு பந்தோடு போவார்கள். இப்போது இரண்டு பந்து போனது. மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சந்தில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எங்க அக்கா பொண்ணு. மூளையப் பாத்தீங்களா?" என்று காட்டினார். மிச்சமிருந்தது அந்தத் தனியாக எடுத்துவைத்த கிச்சன் செட். அதிலும் ஒரு ரோஸ் ஸ்டிக்கரை ஒட்டிப் பெண் குழந்தைகள் ரேக்கில் வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதியம் மாமா சாப்பிடப் போனதும் நீல ஸ்டிக்கர் ஒட்டிய ரிமோட் காரை எடுத்து, "செக் பண்றேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடை முழுக்க ஓட்டுவேன். நான் எழுதிய அட்டை எனக்குச் செல்லாது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ரியாஸ் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கல்யாண சீசன், கடையில் நிற்க இடமில்லை. வாப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஜமால் பாய் நெடு நெடுவென்று உயரமான மனிதர், புதுச்சட்டை, அத்தர் வாசனை. ரியாஸ் ரேக்கைப் பார்த்தான், செட்டைக் கண்டுபிடித்தான், ஓடிப்போய் இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

நான் அந்தப் பக்கமிருந்து கத்தினேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, சுறுசுறுப்பாக, பொறுப்பாக: "தம்பி, அது பொண்ணுங்க ரேக்! பசங்களுக்கு இந்தப் பக்கம்!"

கிரிக்கெட் பந்து வாங்க வந்த இரண்டு பெரிய பையன்கள் திரும்பினார்கள். "டேய், பாருடா, சோறாக்கப் போறாரு." "பூவும் சேத்து வாங்கிக்கடா." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜமால் பாய்க்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "ஆமாப்பா, சோறுதான் ஆக்கப் போறான். நீங்க ரெண்டு பேரும் திங்காமலா வந்தீங்க?" என்றார். அதற்கும் சிரிப்பு. ஆனால் ரியாஸ் அதற்குள் செட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.

"வேணாம் வாப்பா."

பாய் அவன் உயரத்துக்குக் குந்தினார். "என்னடா இது? போன் பண்றப்பல்லாம் இதத்தானே கேட்ட? வாப்பாவும் நீயும் ஆக்கணும்னு சொன்னியே."

"அது பொண்ணுங்களோடது வாப்பா. எழுதியிருக்கு."

அவன் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வருஷம் அது. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் நின்று படிக்கிற பருவம். தலைக்கு மேலே தொங்கிய என் அட்டையை விரலால் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "மட்டும்" என்பதை முழுசாக, சரியாகப் படித்தான்.

ஜமால் பாய் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயா எழுதுன புள்ள?"

தலையை ஆட்டினேன்.

"கையெழுத்து நல்லாருக்கு" என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ரியாஸ் நீல ரேக்கிலிருந்து ஒரு துப்பாக்கியைக் காட்டினான். அதை வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது இந்தத் தடவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணம். வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்கள் கடையில்தான் பொம்மை சொல்லியிருந்தார்கள்; நான் இரண்டு அட்டைப்பெட்டியாகப் பிரித்து, இரண்டு நிறக் காகிதம் சுற்றிக் கட்டியிருந்தேன். காலையிலேயே மாமாவும் நானும் பெட்டிகளோடு போய் இறங்கினோம். கல்யாண வீட்டுக் கொல்லையில் விறகு எரிந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பெரிய பெரிய சட்டிகள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். வெங்காயம் அரிகிறவர்கள், அரிசி களைகிறவர்கள், கறி அலசுகிறவர்கள், ஒருத்தர் விடாமல் ஆண்கள். நடுவில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் துடுப்பு மாதிரி நீளக் கரண்டியோடு நின்றவர் ஜமால் பாய்.

"பாய் பெரிய பண்டாரி அம்மு" என்றார் மாமா. விருந்துக்குச் சமைக்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "அந்தக் கம்பெனியிலயும் சமையல்தான். லீவுல வந்தாலும் சொந்தக்காரங்க விட மாட்டாங்க. அவரு வாப்பாவும் பண்டாரிதான்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் ஒரு சட்டியை மூடினார். அடுப்பிலிருந்து கனன்ற கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்து மூடியின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்று உருண்டது. பிடித்துத் திரும்ப வைத்தார்.

எனக்குக் கோலி ஞாபகம் வந்தது. "ஒங்களுக்குத் தெரியாதுக்கா" ஞாபகம் வந்தது. உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது.

ரியாஸ் மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தான், கையில் அந்தத் துப்பாக்கி. பாய் ஒரு கரண்டிக் குழம்பை ஊதி ஆற்றிக்கொண்டு கூப்பிட்டார். "ரியாஸு, வா, உப்புப் பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் எறக்குவேன்." போன தடவை லீவில் அவன்தான் உப்புப் பார்த்தானாம், ஐந்து வயதில், ஸ்டூல் போட்டு ஏறி. பக்கத்திலிருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் நகரவில்லை. "நான் வரல. அது பொம்பளப்புள்ளைங்க வேல."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒருத்தர், "அப்ப நாங்கள்லாம் யாரு மாப்ள? எங்களுக்கும் சேல எடுத்துத் தா" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஜமாலு மச்சான், ஒன் மவன் ஒன்ன வீட்டுக்காரம்மா ஆக்கிட்டான்." பாய் மட்டும் சிரிக்கவில்லை. கையில் கரண்டியை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தபடி நின்றார், பிறகு தானே உப்புப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். நான்தான் எழுதினேன், அது தப்பு, பம்பரத்துக்குக்கூட அப்படித்தான் ஒட்டினேன் என்று நான்கு எட்டு நடந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டு முடிக்கும் முன்னால் கையைத் தூக்குகிறவள் நான். அன்றைக்குக் கை எழும்பவில்லை. அந்தச் சட்டிச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் அட்டைகளைக் கிழித்தேன். மாமா ஓடி வந்தார். "ஏன்டி கிழிக்கிற? நல்லாத்தானே ஓடுது?" நான் மிச்சத் துண்டுகளையும் கிழித்துப் போட்டேன். மறுநாள் அவரே ஆள் வைத்து பிரிண்ட் போட்ட போர்டு மாட்டிவிட்டார். கூடை மாடிக்குப் போய்விட்டது. கிச்சன் செட்டிலிருந்த ரோஸ் ஸ்டிக்கரை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். காகிதம் வந்தது, பசை வரவில்லை. தண்ணீர் போட்டும் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் போட்டும் தேய்த்தேன்; அழுக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் அப்படியே நின்றது.

தைரியம் வருவதற்கு ஒரு வாரமாகிவிட்டது. லீவு முடிந்து ஊருக்குப் போகிற அன்றைக்கு, மாமாவைக் கெஞ்சி, பரங்கிப்பேட்டையில் ரியாஸ் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கதவைத் திறந்தது அவனேதான். உள்ளேயிருந்து அவன் உம்மா, "வாங்க வாங்க. பாய் நேத்துதான் பிளைட் ஏறுனாங்க" என்றார்கள். நான் செட்டை நீட்டினேன். எடுத்துக்கோ, உனக்குத்தான், இது எல்லாருக்கும் உள்ளதுதான், நான் தப்பா எழுதிட்டேன் என்றெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் பண்ணி வந்திருந்தேன். "இந்தா" என்பது மட்டும்தான் வந்தது.

ரியாஸ் செட்டைப் பார்த்தான். அதிலிருந்த அழுக்கு வட்டத்தைப் பார்த்தான். ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "எங்க வீட்டுல பொம்பளப்புள்ள இல்லக்கா."

அடுத்த தடவை பாய் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயதாகியிருக்கும். வாப்பாவோடு சொப்பு வைத்து விளையாடுகிற வயது அதற்குள் போயிருக்கும். அந்த மனிதர் மகனோடு இருக்கக் கிடைத்தது ஒரு மாசம். அந்த ஒரு மாச விளையாட்டை ஸ்கெட்ச் பேனாவால் நான் அடித்துவிட்டேன். ரியாஸ் இப்போது எங்கே, என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. மாமாவைக் கேட்டால் சொல்லிவிடுவார். அதனாலேயே கேட்டதில்லை.

மாமா கடையை விட்டு வருஷங்கள் ஆகின்றன, அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் நடக்கிறது. கூடை என்ன ஆனது என்று யாருக்கும் நினைவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியேதான் ஊர் ஆகிவிட்டது: பல் தேய்க்கும் பிரஷ்ஷில், பிஸ்கட் டப்பாவில், தண்ணீர் பாட்டிலில், எங்கும் என் இரண்டு நிறங்கள். கிச்சன் செட் முதுநகர் வீட்டுப் பரணில் இருக்கிறது. தூக்கிப் போடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

போன மாதம் தோழியின் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று கடலூரில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி சுறுசுறுப்பாக ஓடி வந்தாள். "பையனாக்கா, பொண்ணாக்கா?"

"பையன்" என்றேன். யோசிக்கும் முன்னால் வந்துவிட்டது, அதே பழைய வேகத்தோடு. அவள் நீலப் பக்கம் திரும்பி நாலடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டு நிறுத்தி, எல்லாம் கலந்து போட்டுவைத்த கூடை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"கலந்து போட்டா எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" என்றாள், பாவம், நிஜமான சந்தேகத்தோடு.

அவள் தலைக்கு மேலே போர்டு தொங்கியது. எழுத்து அழகாகத்தான் இருந்தது.